வெள்ளைச் சாம்பலும் ஒரு சாக்கும்

மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் உமிப் பையோடு ஏறும் ஒரே பெண் நான்தான் என்று நினைக்கிறேன். காலை ஏழு மணிக்கு அந்த பஸ் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். எல்லோரிடமும் தோள்பை. என்னிடம் தோள்பையும், மடியில் ஒரு பெரிய பையும். மருதமுனையில் ஏறி ஒலுவிலில் இறங்கும்வரை அது மடியைவிட்டு இறங்காது.

“என்ன தங்கச்சி, கோழிக்குப் போடவா?” என்று ஒருநாள் கொண்டக்டர் கேட்டார்.

“இல்ல நானா, கரண்ட் எடுக்க.”

“உமியிலயா? அப்ப எங்கட ஊட்டு மீட்டருக்கும் ரெண்டு பிடி போட்டுத் தாங்களன்.”

நான் சொன்னது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. உமியில் இருந்து கரண்ட் வராது. உமியை எரித்தால் வெள்ளைச் சாம்பலாகச் சிலிக்கா கிடைக்கும். அதை ஒரு பொலிமரில் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, மெல்லிய தாளாகக் காயவைத்து எடுக்கலாம். எரிபொருட் கலம் என்ற கருவிக்குள் அந்தத் தாளை வைத்தால், ஒரு பக்கம் ஐதரசனும் மறுபக்கம் ஒட்சிசனும் நின்று கரண்ட் தரும். தாளுக்கு மென்சவ்வு என்று பெயர். வழக்கமான மென்சவ்வு வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். உமியோ எங்கள் மாவட்டத்தில் மில்லுக்கு மில் மலையாகக் கிடக்கிறது. வளாகத்தில் ஆய்வு உதவியாளராக எனக்குத் தரப்பட்ட வேலை, இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது.

உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மூன்று தரம் படம் வரைந்து காட்டினேன். மூன்று தரமும் உம்மா படம் நல்லம் என்று சொன்னார். கடைசியில் கலியாண வீட்டுக்குப் போனேன்.

“ஆம்புளயள் ஒரு பக்கம், பொம்புளயள் ஒரு பக்கம். நடுவுல திர. சரியா?”

“ஓம்.”

“சோத்துச் சஹன் திரைக்குக் கீழால இங்கால வரும். ஆக்கள் வர ஏலா. ஆக்கள் வரணும் எண்டா ரோட்டால சுத்தித்தான் வரணும். அந்தச் சுத்தி நடக்கிறதுதான் உம்மா கரண்ட்.”

உம்மா கொஞ்சம் யோசித்தார். “திர கிழிஞ்சா?”

“எல்லாம் கலந்துரும். கரண்ட் இல்ல.”

“மானமும் இல்ல,” என்றார் உம்மா. அன்றில் இருந்து எங்கள் வீட்டில் மென்சவ்வுக்குப் பெயர் திரை.

அந்தத் திரை காய்ந்து விறைத்தால் சஹன் என்ற அந்தச் சோற்றுத் தட்டு போகாது. எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் சிலிக்காவின் வேலை. அதற்குச் சிலிக்கா வெள்ளையாகவும் மாவைப் போலவும் இருக்க வேண்டும். கரி கலந்து, கட்டி கட்டியாகச் சாம்பல் நிறத்தில் வந்தால், தாளில் புள்ளி விழும், வளைத்தால் வெடிக்கும்.

உமிக்கு நான் கேட்டது மாமாவிடம். மாமா உம்மாவின் தம்பி. கலியாணம் முடித்து வரிப்பத்தான்சேனைக்குப் போனவர், அங்கே ஒரு சின்ன அரிசி மில் நடத்துகிறார். நாங்கள் கடற்கரையில் இருப்பதால் மீனும் கருவாடும் இங்கிருந்து போகும், அரிசி அங்கிருந்து வரும். எது போனாலும் வந்தாலும் ஒரு சட்டம் உண்டு: கோப்பையோ வாளியோ சாக்கோ வெறுமனே திரும்பக் கூடாது. நான் போனில் கேட்டதும் மாமா சொன்னார்:

“உமிதானே மருமகள்? எத்தினையும் அள்ளலாம். உங்க ஊட்டுச் சாக்கு ஒண்டும் இங்க கெடக்கு. வெறுஞ்சாக்க அனுப்ப ஏலாம வச்சிக்கிட்டு இரிக்கன். நாளைக்கு நிரப்பி லொறியில போட்டு உடுறன்.”

உமியை வளாகத்தில் கழுவ எனக்குத் தடை. முதல் நாளே ஒரு பிடி உமியைச் சிங்க்கில் கழுவி, குழாயை அடைத்து, ஆய்வுகூடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஆகவே வீட்டில் கழுவிக் காயவைத்துப் பையில் கொண்டுபோவது என்று முடிவானது. நான் வளாகத்தில் இருக்கும் நேரம் சாக்கு வந்துவிடும் என்பதால் ஒரு தாள் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என்னால் பட்டியல் இல்லாமல் ஒரு வேலையும் செய்ய முடியாது. நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்வதற்கும் என்னிடம் பட்டியல் இருக்கிறது. இந்தப் பட்டியலில் நான்கு வரி: கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் கழுவவும். மேலே மிதக்கும் தூசை அள்ளி எறியவும். பாயில் இரண்டு வெயில் காயவைக்கவும். கோழியைக் கிட்ட விட வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரி போட ஒரு கட்டம்.

வேலைகள் முடிந்தபோது நான்கு கட்டத்திலும் உம்மா அழகாகச் சரி போட்டிருந்தார்.

இப்போது அமிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிக்க முதல் உமியை ஐதரோகுளோரிக் அமிலத்தில் அவிப்பதுதான் முறை. உமியில் பொட்டாசியம் இருக்கிறது. அதை அகற்றாவிட்டால் சூட்டில் அது சிலிக்காவை மெல்ல உருகவைத்து, கரியை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். ஆனால் கொழும்பில் இருந்து வரவேண்டிய அமிலம் வரவில்லை. என் மேற்பார்வையாளரை நாங்கள் மெடம் என்போம். அதிகம் பேசாதவர், சிரிப்பதை அதைவிடக் குறைவாகச் செய்பவர். அவர் காத்திருக்கச் சொன்னார்.

“தண்ணியில கழுவினத ஒருக்கா எரிச்சுப் பாக்கட்டா மெடம்?”

“கறுப்பாத்தான் வரும். பாருங்க.”

வெள்ளையாக வந்தது. உலைக் கதவைத் திறந்து கிண்ணத்தை எடுத்தபோது நான் முதலில் யாரோ மாவை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மெடம் வந்து பார்த்தார், விரலால் தொட்டுத் தேய்த்தார், போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மீண்டும் பார்த்தார். அந்தச் சிலிக்காவில் ஒரே ஒரு தாள் செய்தேன். ஊடாகப் புத்தகம் வாசிக்கலாம் போல இருந்தது. மடித்தேன், வெடிக்கவில்லை.

அந்த வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை. அமிலமே இல்லாமல், வெறும் கிணற்றுத் தண்ணீர்! ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி, “தண்ணீரால் மட்டும் கழுவிய உமி” என்ற வரியைத் தலைப்பிலேயே போட்டு அனுப்பினேன். மெடம் மலைநாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு பேசி, அவர்களுடைய எரிபொருட் கலத்தில் எங்கள் தாளைப் பரிசோதிக்க ஒரு நாள் வாங்கித் தந்தார். ஒரே ஒரு நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது என்று அவர்களாலும் சொல்ல முடியாது. அதற்குள் என் வேலைக்காலம் முடிந்துவிடும். பரிசோதனை முடிவு இருந்தால்தான் வேலையை நீடிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

“ஒரு தாள் போதாது,” என்றார் மெடம். “மூண்டு தரம் தனித்தனியா உமி கழுவி, மூண்டு தரம் எரிச்சு, ஒவ்வொண்டிலயும் ரெண்டு தாள். மூண்டும் ஒண்டு போல இருக்கோணும்.”

ஆறு தாள். ஒன்றரை மாதம் இருந்தது. சின்ன விஷயம்.

மாமா இன்னும் மூன்று சாக்கு அனுப்பினார். உம்மா கழுவினார், காயவைத்தார், சரி போட்டார். நான் எரித்தேன். சாம்பல் நிறம். மீண்டும் எரித்தேன். சாம்பல் நிறம். மூன்றாவது, நடுவில் வெள்ளையும் ஓரத்தில் கறுப்புமாக, பார்த்தால் பூனைக்குட்டி போல இருந்தது. அதில் செய்த தாள்களை வளைத்தபோது பிஸ்கற் உடைகிற சத்தம் வந்தது.

வேறு அமிலம் தேடியிருக்கலாம்தானே என்று இதை வாசிக்கும் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் முதல் தரம் தண்ணீரே போதுமாக இருந்ததே! அதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன், ஊருக்கெல்லாம் எழுதியும் அனுப்பியிருந்தேன். தண்ணீர் போதும், வேறு எதுவோ மாறிவிட்டது, அந்த எதுவைக் கண்டுபிடித்தால் சரி என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஒரு கொப்பியை எடுத்து, முதல் தரத்துக்கும் மற்றத் தரங்களுக்கும் இடையில் மாறியிருக்கக் கூடியவற்றை எழுதத் தொடங்கினேன். உலையின் சூடு. கிண்ணம். கிண்ணத்தை வைத்த தட்டு. மழை பெய்ததா. கிணற்று நீரின் உப்பு. பாய் ஓலைப் பாயா, பிளாஸ்டிக் பாயா. கோழி உண்மையில் கிட்ட வரவில்லையா. இருபத்தாறு வரி வந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வெட்டினேன். இரண்டு வாரம் கழித்து வெட்டாமல் மிஞ்சியது ஒன்றுதான்: நெல்.

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் மாப்பிள்ளை எங்களோடுதான் இருக்கிறார், மீன் வியாபாரம். என் மச்சான் அவர். ஒரு சனிக்கிழமை அவருடைய மோட்டார்சைக்கிளில் என்னையும் ராத்தாவையும் ஏற்ற முடியாது என்பதால் ஓட்டோ பிடித்து, ராத்தாவும் நானுமாக மாமாவின் மில்லுக்குப் போனோம். மில் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் குழாய் வழியாக உமி மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் புருவம் வரைக்கும் தவிடு.

“மாமா, முதல்ல அனுப்பின உமி என்ன நெல்லு?”

“நெல்லு நெல்லுதான் மருமகள்.”

“சம்பா நெல்லா, நாடு நெல்லா? அவிச்சதா, பச்சயா?”

மாமா மில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கலியாணத்துக்கு மாப்பிள பாக்கவும் நாங்க இவ்வளவு விசாரிக்கல்ல. உமிக்குப் பரம்பர கேக்கிறயா?”

“கேக்கத்தான் வேணும் மாமா.”

“எல்லாம் ஒரே குவியல். அந்தா நிக்கிற குவியல். முதல் சாக்கும் அதுல அள்ளினது, பொறகு வந்த மூணும் அதுல அள்ளினது. அவிச்ச நாடு. போதுமா? இனி அந்த நெல்லுட உம்மா வாப்பாட பேரும் வேணுமா?”

நான் குவியலின் முன்னால் நின்று கடைசி வரியையும் வெட்டினேன். சாக்கைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சாக்கு என் பட்டியலில் இல்லை. மாமா எங்களுக்குச் சோறு தராமல் விடவில்லை. திரும்பும்போது பத்துக் கிலோ அரிசியும் தந்தார். நான் கொண்டுபோன கேள்விக்குத்தான் பதில் கொண்டுவரவில்லை.

பரிசோதனை நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மச்சான் ஒரு பெரிய சூரை மீனோடு வந்தார். உம்மா அதைக் குசினி வாசலில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கதிரையில் இருந்து, வெட்டி முடிந்த இருபத்தாறு வரிகளையும் மறுபடி மேலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

“உம்மா, மணக்குது.”

“இப்ப மணக்கும். கொறுக்காப்புளியில ஊற வச்சா எந்த மணமும் நிக்காது. உமியில இருந்த கருவாட்டு மணமே போச்சி, இது போகாதா?”

நான் கொப்பியில் இருந்து தலையைத் தூக்கினேன். “எந்த உமி?”

“எந்த உமி?” என்று உம்மாவும் கேட்டார், மீனைப் பார்த்து.

“உம்மா.”

“என்ன?”

“முதல் சாக்கு உமியில புளி போட்டீங்களா?”

“சும்மா ரெண்டு பிடி.”

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த மச்சான் அப்படியே நின்றுவிட்டார். “அல்லாஹ்வே! மாமி உமியில புளியாணம் ஆக்கியிரிக்கா.”

“உங்கட வேலயப் பாருங்க மருமகன்,” என்றார் உம்மா. பிறகு கத்தியை வைத்துவிட்டு எனக்குச் சொன்னார்: “சாக்கத் தொறந்தா கருவாட்டு நாத்தம், புள்ள. தம்பிக்கு ஒரு நல்ல சாக்குக் கெடைக்கல்லயா? அத நீ பெரிய பெரிய ஆக்கள் இருக்கிற எடத்துக்குக் கொண்டு போகப் போற. மாமன் ஊட்டால இப்படியா அனுப்புற எண்டு அவங்க நெனைக்க மாட்டாங்களா? பெரிய பானையில புளிய அவிச்சு ஊத்தி, விடியுமட்டும் வச்சன். பொறகு நீ எழுதின மாதிரி மூணு தரம் கழுவினன். அந்தச் சரி ஒண்டும் பொய்ச் சரி இல்ல.”

“பொறகு வந்த மூணு சாக்கு?”

“அது புதுச் சாக்கு. மணக்கல்ல. என்னத்துக்குப் புளிய வீணாக்குற?”

“ஏன் உம்மா எனக்குச் சொல்லல்ல?”

“கட்டம் இருக்கல்லயே,” என்றார் உம்மா.

நான் சிரித்தேனா அழுதேனா என்று மச்சானிடம்தான் கேட்க வேண்டும். கொறுக்காய்ப்புளி, மீன் குழம்புக்குப் போடும் அந்தக் கறுத்துக் காய்ந்த புளி, புளிப்பது அமிலத்தால்தான். அமிலம், சூடு, ஒரு முழு இரவு. ஆய்வுகூடத்தில் நான் செய்ய நினைத்து, செய்யாமல் விட்டு, செய்யத் தேவையில்லை என்று எழுதியும் அனுப்பிய வேலையை உம்மா பெரிய பானையில் செய்து முடித்திருந்தார். அதுவும் என் ஆய்வுக்காக அல்ல, தம்பியின் மானத்துக்காக.

“தம்பிக்கு மட்டும் சொல்லிராத,” என்றார். “சாக்க நான் குற சொன்னனான் எண்டு கவலப்படுவான்.”

அடுத்த வேலைநாள் காலை மெடத்தின் அறைக்குப் போனேன். வழியெல்லாம் பேசிப் பார்த்த வசனங்கள் வாசலில் காணாமற்போயின.

“மெடம், தண்ணி மட்டும் இல்ல.”

“என்னது?”

“கொறுக்காய்ப்புளி.”

மெடம் பேனையை மூடினார். “யார் போட்டது?”

“உம்மா.”

“ஏன்?”

“உமி மணந்ததாம்.”

மூடிய பேனையை மறுபடி திறந்தார். பிறகு மெடம் கேட்டார்: “எவ்வளவு போட்டவ?”

“ரெண்டு பிடி.”

“பிடி எண்டா எத்தினை கிராம்?”

அவருடைய அடுத்த கேள்வி இதுவாக இருந்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மெடம் அதோடு விடவில்லை.

“முதல்ல அந்தச் சுருக்கம். தண்ணியால மட்டும் எண்ட வரி பிழை எண்டு இண்டைக்கே எழுதி அனுப்புங்க.”

“புளி சரிவருதா எண்டு பாத்துட்டு, புது முடிவோட சேத்து அனுப்பட்டா?”

“சரிவராட்டியும் அந்த வரி பிழைதானே?”

பிழைதான். அவர் முன்னாலேயே இருந்து எழுதினேன். அந்தத் தலைப்பு பிழை, சுருக்கத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன் என்று நான்கு வரி. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது என் கையில் ஒன்றும் இல்லை: வெள்ளைச் சாம்பல் இல்லை, ஆறு தாள் இல்லை, ஒரு கருத்தரங்கும் இல்லை. பரிசோதனைக்கு இன்னும் ஒன்பதே நாள். விசித்திரம் என்னவென்றால், பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு நல்ல பசி எடுத்தது. மூன்று வாரமாக அப்படிப் பசித்ததில்லை.

வீட்டில் முதல் வேலை உம்மாவின் பிடியை அளப்பது. நகை நிறுக்கிற சைஸில் ஒரு சின்னத் தராசை மெடம் தந்திருந்தார். உம்மா பத்துத் தரம் புளியை அள்ளிப் பத்துப் பையில் போட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது பிடியோடு உம்மா கையை உதறினார்.

“நீ பாத்துக்கிட்டு இருந்தா கை வேற மாதிரி வருது.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மச்சான் எண்ணினார். பத்துப் பையையும் நிறுத்தபோது பெரிய பிடிக்கும் சின்னப் பிடிக்கும் இருந்த வித்தியாசம் ஒரு புளித்துண்டு. நான் தராசைச் சந்தேகப்பட்டு மறுபடி நிறுத்தேன். அதே எண்கள்.

மணக்காத புதுச் சாக்கு உமியை மூன்று பங்காக்கி, மூன்று பானையில், மூன்று தனித்தனி அவியல். வீட்டில் இருந்த புளி முடிந்து, அடுத்த வீட்டுப் புளி முடிந்து, கடையில் இருந்ததும் வந்தது. அந்த வாரம் முழுக்க மீன் ஆணத்துக்குப் புளிக்குப் பதில் தேசிக்காய்ச் சாறுதான்.

“மச்சி, உங்கட உமி நல்ல ருசியாச் சாப்பிடுது. நாங்கதான் பாவம்,” என்றார் மச்சான்.

காயவைத்த இரண்டாம் நாள் வானம் கறுத்தது. மூன்று பாயையும் தூக்கி ஹோலுக்குள் விரித்து, காற்றாடியை மெல்லச் சுழலவிட்டோம். வேகமாகச் சுழன்றால் உமி பறந்து மூன்றும் ஒன்றாகிவிடும். அடுத்த நாள் மாலைவரை யாரும் ஹோலில் இருக்கவில்லை. வந்த விருந்தாளிகள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஹோலில் பாய் விரித்திருப்பதைப் பார்த்து, யாருக்குச் சுகமில்லை என்று ஒருவர் மெல்லக் கேட்டாராம்.

மூன்று பையோடு பஸ் ஏறினேன். கொண்டக்டர், “மீட்டருக்கா?” என்றார். “துஆச் செய்யுங்க நானா,” என்றேன்.

உலையை நான் திறக்கவில்லை, மெடம் திறந்தார். மூன்று கிண்ணம். மூன்றும் வெள்ளை. நான் நாற்காலியில் இருந்தேன், அது யாருடைய நாற்காலி என்றும் பார்க்கவில்லை.

ஆறு தாளில் ஒன்று காயும்போதே ஓரத்தில் சுருங்கியது, ஒன்றில் காற்றுக்குமிழி. மிச்சம் நான்கு, நல்ல காலத்துக்கு மூன்று தொகுதியிலும் ஆளுக்கு ஒன்றாவது இருந்தது. அவற்றை ஈரப் பஞ்சுக்கு இடையில் வைத்து, உம்மாவின் ரொட்டிப் பார்சலோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு, மெடத்தோடு வேனில் மலைநாட்டுக்குப் போனேன். எது ரொட்டி, எது மென்சவ்வு என்று மேலே எழுதியிருந்தேன்.

அங்கே ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஒரு சிங்களப் பெண். என் வயதுதான் இருக்கும். எங்கள் முதல் தாளை இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து முறுக்கியபோது ஓரம் கசிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டதாகச் சொன்னார். அவர் அப்படி முறுக்கியதாக எனக்குத் தெரியவில்லை. மிச்சம் மூன்று, தொகுதிக்கு ஒன்று. இனி ஒன்றும் உடைய முடியாது.

அடுத்த தாளைக் கையால் மெல்லப் பொருத்தினோம். வாயுவைத் திறந்தார். கணினியில் கரண்டின் எண் ஏறியது, ஏறியது, ஒரு இடத்தில் நின்றது. வாங்குகிற மென்சவ்வு தரும் எண்ணைவிடக் குறைவுதான். ஆனால் நின்ற இடத்தில் நின்றது. நாங்கள் ரொட்டி சாப்பிட்டோம், நின்றது. மெடம் வெளியே போய்த் தொழுதுவிட்டு வந்தார், நின்றது. பிறகு இரண்டாவதைப் போட்டோம், கிட்டத்தட்ட அதே எண். மூன்றாவதும் அதே. நாலரை மணிக்கு அந்தப் பெண் வாயுவை மூடும்போது, “இதில் என்ன போட்டீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மெடம் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் “கொரக்கா” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

“மூண்டும் ஒண்டு போல,” என்றார் மெடம், வேனில் ஏறும்போது. அன்றுதான் அவருடைய பல்வரிசையைப் பார்த்தேன். நீடிப்புக் கடிதத்தை அடுத்த வாரமே எழுதுவதாகவும் சொன்னார்.

வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

“சஹன் போச்சா?” என்று கேட்டார் உம்மா, ஸலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு.

“போச்சி உம்மா.”

“ஆக்கள் ரோட்டால சுத்தி வந்தாங்களா?”

“நாள் முழுக்கச் சுத்தினாங்க.”

“அல்ஹம்துலில்லாஹ். திர கிழியல்லயே?”

“ஒண்டு ஓரத்தால கிழிஞ்சது. மத்த மூணும் கிழியல்ல.”

“மூணு போதும்,” என்றார் உம்மா, மெடத்தைப் போல.

அந்தக் கிழமை மாமா வந்தார். சேதி கேள்விப்பட்டு, லொறியில் மூன்று சாக்கு உமி ஏற்றிக்கொண்டு தானே வந்திருந்தார். நான் இனி ஆறு மாதத்துக்கு எரிக்கலாம். ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தன் உமி மலைநாடு வரைக்கும் போனதை நான்கு தரம் சொல்லவைத்துக் கேட்டார். உம்மா எனக்குக் கண்ணால் சைகை காட்டிக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் திறந்தார்.

“மாமா, இந்தத் தரமாவது கருவாட்டுச் சாக்கு இல்லாமக் கொண்டு வந்தீங்களா?”

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமா கோப்பையை வைத்தார்.

“கருவாட்டுச் சாக்கா?”

“முதல் தரம் அனுப்பின சாக்கு,” என்று மச்சான் முழுக்கதையையும் விட்டார்: நாற்றம், பானை, புளி, மானம்.

மாமா பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினார். “ராத்தா, அந்தச் சாக்கு யாருட சாக்கு?”

உம்மா முந்தானை நுனியைக் கையில் எடுத்தார்.

“ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் சூரக் கருவாடு அனுப்பினயே எனக்கு. எதுல அனுப்பின? உன்ட சாக்க உனக்குத் திருப்பி அனுப்பியிரிக்கன். அதுவும் வெறுஞ்சாக்கு அனுப்பக் கூடா எண்டு உமிய நிரப்பி. உன்ட நாத்தத்துக்கு நீ என்ட மானத்தக் காப்பாத்தினயா?”

முதலில் சிரித்தது உம்மாதான். சத்தம் வராமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கக்கூட முடியவில்லை.

மாமா புறப்படும்போது உமியைக் கொட்டிய மூன்று சாக்கும் முற்றத்தில் கிடந்தன. அவற்றை வெறுமனே அனுப்ப முடியாது. உம்மா ஒன்றில் தேங்காய் நிரப்பினார், ஒன்றில் மாங்காய். மூன்றாவதோடு கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, உள்ளே போய்க் கருவாட்டை எடுத்து வந்தார்.

“இந்தச் சாக்குல இனி நான் உமி அனுப்ப மாட்டன்,” என்றார் மாமா.

நான் கொப்பியைத் திறந்தேன். புளி இல்லாமல், கருவாட்டு உப்பு மட்டும் பட்ட உமி எப்படி எரியும் என்று நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல், அந்த முதல் சாக்கு புளியால் மட்டும்தான் வெள்ளையானது என்று முழுதாக எழுத முடியாது. இன்னொரு தரம் ஒரு வரியை மீளப் பெற எனக்கு விருப்பமில்லை.

“அனுப்புங்க மாமா,” என்றேன். “அதே சாக்குல. உம்மா, அத நீங்க வெறும் தண்ணியில மட்டும்தான் கழுவணும். கட்டம் போட்டுத் தாறன்.”

“மணத்தோடயா?” உம்மா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “பஸ்ஸில கொண்டு போகப் போறது நீதானே. எனக்கென்ன?”